சோளக்காட்டுக்குக் கட்டிய காப்பு

போன வாரம், எங்கள் பழைய தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் தம்பி சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். வெளிவேலை முழுவதையும் மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம், ஆனாலும் பணிவான பிள்ளை. ஐரோப்பாவில் சண்டை மூளும்போலிருக்கிறதாம். ரங்கூன் அரிசி வராமல் போனால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கு என்ன போடுவது என்று துரைமார்கள் இப்போதே யோசிக்கிறார்களாம்.

"முன்ன ஒரு தடவ நீங்க சோளம் போட்டீங்களாமே. இந்த மண்ணுக்கு எந்தச் சோளம் சரியா வரும்னு எழுதிக் கொடுங்களேன். அரைப் பக்கம் போதும்" என்றார்.

அரைப் பக்கத்துக்குள் அடங்க வேண்டிய விஷயம்தான். எந்த விதை, எத்தனை நாள், எப்படி அறுப்பது என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மூன்றையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் முன்பு செய்த தப்பையே மறுபடியும் செய்தவன் ஆவேன். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ராக்கியப்பன். பல்லடம் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரன். மழை பொய்த்து, கிணறும் வற்றி, அண்ணன் தம்பிகளோடு சண்டையும் போட்டுக்கொண்டு இருபது வயதில் நாகப்பட்டினத்தில் இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறினேன். காடு வெட்டினேன், களை எடுத்தேன், ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். நாலெழுத்து தெரிந்திருந்ததால் பன்னிரண்டு வருஷத்தில் மண்டோர் ஆனேன். நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற வேலை அது. இந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது.

ரப்பர் விலை விழுந்தபோதுதான் என் கதை தனியாகப் பிரிகிறது. மரத்தில் பால் இருந்தது, வாங்க ஆள் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதே ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களின் பெயர்களையும் வாசித்தார்கள். பெயர் கேட்டவர்கள் லயத்துக்குப் போய் மூட்டை கட்ட வேண்டியதுதான். போகிறேன் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. போக இடமில்லாதவர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது எங்கள் கண்டக்டராக இருந்தவர் இராசையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். கிறிஸ்தவ வேதக்காரர். மற்ற உத்தியோகஸ்தர்கள் எங்களை 'டேய்' என்று கூப்பிட்டபோது 'நீர்' என்று கூப்பிட்ட ஒரே மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய குடைக்காம்பில் அங்குலம் அங்குலமாக வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டிருக்கும். எந்தச் செடியைக் கண்டாலும் குடையைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். மழை வந்தால் மட்டும் அந்தக் குடையை விரிக்க மாட்டார், கோடு அழிந்துவிடுமாம். நனைந்துகொண்டே நிற்பார். நாங்கள் மறைவில் சிரிப்போம்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "ராக்கியப்பன், உமக்குச் சோளம் தெரியுமோ?" என்று கேட்டார்.

"சோளத்துலதாங்க ஐயா பொறந்தேன்" என்றேன்.

துரையிடம் அவர் பேசி முடித்திருந்தார். ஆற்றோரம் மரம் வைக்காமல் கிடந்த ஏழு ஏக்கரில் சோளம் போடுவது. தானியம் லயத்துக்கு, தண்டும் தாளுமான தட்டை மாட்டுக்கு. இரண்டு போகம் பார்ப்பது. அரிசி வாங்குகிற செலவு குறைந்தால் அடுத்த பட்டியலில் இருக்கும் இருபது குடும்பங்களைத் துரை நிறுத்தி வைப்பார். கண்டக்டர் ஐயா அந்தப் பட்டியலை என்னிடம் காட்டினார். இருபதில் பதினெட்டு என் ஆட்கள்.

இந்தியாவுக்கு எழுதி, தகர டப்பாக்களில் ஐந்து வகை விதை வரவழைத்தார். மாசியில் விதைத்தோம்.

தம்பி கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய மஞ்சள் சோளம் எங்கள் ஊரில் ராஜா. சோறாக்கினால் மெத்தென்று இருக்கும், மறுநாள் மோரில் கரைத்துக் குடித்தால் உச்சி வெயில்வரைக்கும் பசி தெரியாது. ஆனால் கதிர் கையை மூடினாற்போல நெருக்கமாக இருக்கும். இந்த ஊர் மழையில் தண்ணீர் உள்ளே தங்கி, பால் பிடிக்கும்போதே பூசணம் பூத்துவிட்டது. வெள்ளைச் சோளம் பொரிக்கு நல்லது, மாவும் வெள்ளையாக வரும். பிப்பிட் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சின்னக் குருவி அதை எங்களுக்கு முன்னால் அறுவடை செய்துவிட்டது. செஞ்சோளம் களிக்கு உகந்தது. பாதி தேறியது. இருங்குச் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மாட்டுக்குத் தட்டை தந்தது. அதன் கறுத்த மணியைக் குருவி அவ்வளவாகத் தொடவில்லை, லயத்துச் சனமும் தொடவில்லை. கடைசியாகத் தலைவிரிச்சான். பெயருக்கேற்ப கதிர் விரிந்து தொங்கும். மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும், காற்றடித்தால் உலர்ந்துவிடும். மணி சிறுசு, விளைச்சலும் குறைவுதான். ஆனால் இந்த மண்ணில் நின்றது அது ஒன்றுதான். போடுவதானால் தலைவிரிச்சான் போடுங்கள்.

ஆனியில் அறுத்தோம். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் கண்டக்டர் ஐயா கதிர்களைக் குடையின் மேல் வைத்து அளந்து அளந்து சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

சனங்களைச் சாப்பிட வைப்பது அதைவிடப் பெரிய பாடு. எங்கள் லயத்தில் முக்கால்வாசி தஞ்சாவூர், வடார்க்காட்டு ஆட்கள். கஞ்சியானாலும் அரிசிக் கஞ்சிதான் வேண்டும். நானே உரலடியில் உட்கார்ந்தேன். தானியத்தில் தண்ணீர் தெளித்து இடித்து, புடைத்து, உமியைப் போக்க வேண்டும். மறுபடி இடித்து, நொய்யையும் மாவையும் பிரிக்க வேண்டும். உலை கொதிக்கும்போது முதலில் நொய். அது முக்கால் வேக்காடு வந்த பிறகு மாவைத் தூவி, துடுப்பு போட்டுக் கட்டி விழாமல் கிளற வேண்டும். அவசரப்பட்டால் வயிறு கடுக்கும்.

"என்னாண்ணே, மாட்டுத் தீனிய மனுசனுக்கு ஆக்குறீங்க?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

முதலில் தட்டை நீட்டியவள் அஞ்சலை. "குடுங்கண்ணே. மாடு தின்னு நல்லாத்தானே இருக்கு" என்றாள். சாப்பிட்டாள், தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஊட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். இருவரும் வேறு வேறு சாதி. கப்பலில் பார்த்து, இங்கே வந்து அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். பால் வெட்டுகிற வேலை அவளுக்கு எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் அவள் பெயர் பட்டியலில் ஏறவில்லை. காரணம் அவளுடைய செவலைப் பசு. துரை வீட்டுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் அதன் பால்தான் போயிற்று. மாடு கறக்கிறவரை அவள் லயத்தில் இருக்கலாம் என்று துரை வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

"ஊருக்குப் போனா எந்தத் தெருவுலண்ணே எங்களச் சேத்துக்குவாங்க? எம் புள்ளைங்க யாரு வூட்டுத் திண்ணையில படுக்கும்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். அந்தச் செவலைதான் பதில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சோளத்தை அறுத்த பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி குருத்து விடும். மறுதாம்பு என்போம். பார்க்கப் பச்சைப்பசேல் என்று கண்ணைப் பறிக்கும். கதிர் வருகிற வரையில் அது விஷம். ஒரு மாடு ரெண்டு கூடை தின்றால் நாலு சால் உழுகிற நேரம்கூட நிற்காது, விழுந்துவிடும். மேட்டுக்காட்டில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். வயல்காட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். நான் சொல்லித் தெரிந்துகொண்ட கண்டக்டர் ஐயா மற்றொருவர்.

அறுத்த ஒரு வாரத்தில் குருத்து வந்துவிட்டது. இரண்டாம் போகத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தோம். அந்த மாதம் அதிசயமாக மழை இல்லை. சாலையோரத்து லாலான் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. மாடு வைத்திருந்தவர்கள் எல்லார் கண்ணும் ஏழு ஏக்கர் பச்சையின் மேல் இருந்தது.

"ஐயா, எல்லாரையும் கூப்பிட்டு வெவரத்தச் சொல்லிப்போடலாமுங்க" என்றேன்.

அவர் குடையை ஒரு குருத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார். "விஷம் எண்ட சொல்லை லயத்துக்குள்ளை கொண்டு போகாதையும். இப்பதான் சனம் வாயிலை வைக்கத் தொடங்கியிருக்கு. குருத்து விஷம் எண்டால் தானியமும் விஷம் எண்டுதான் நினைப்பினம். ஒருத்தரும் கஞ்சி குடிக்கமாட்டினம். பிறகு துரை திட்டத்தை மூடிப்போடுவார், இருபது குடும்பமும் கப்பலிலை. கதிர் வருமட்டும் ஒரு மாடும் உள்ளுக்கை போகாமல் பாரும். எப்பிடி எண்டது உம்முடைய பொறுப்பு" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அதில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாதிதான் என்னைக் கெடுத்தது.

வேலிக்குக் கம்பி கேட்டால் துரை தரமாட்டார். வெறும் வாயால் போகாதே என்றால் மண்டோர் தனக்கென்று புல்லை ஒதுக்குகிறான் என்பார்கள். அப்போது ஆடி பிறந்து, அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் வந்தது. எனக்கு ஒரு யோசனை உதித்தது. புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன். பூசாரியிடம் போய், "இந்த வருசம் சோளக்காட்டுக்கும் சேத்துக் காப்புக் கட்டுங்க. ஆத்தா வெளைய வெச்ச காடு" என்றேன். அவருக்கும் சந்தோஷம். கோயில் கம்பத்துக்குக் கட்டிய கையோடு வந்து, காட்டின் நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டி, சூடம் காட்டினார். லயமே வந்து கும்பிட்டது.

மறுநாள் கண்டக்டர் ஐயா மூங்கிலைப் பார்த்துவிட்டு, "உதென்ன மஞ்சள் துண்டு?" என்று கேட்டார்.

"வேலிங்க ஐயா" என்றேன்.

"வேலி எண்டால் சரி" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

வேலி நன்றாகவே வேலை செய்தது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. தப்பி ஓடிய ஒரு கன்றுக்குட்டியைக்கூட அஞ்சலை வரப்பிலேயே மறித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இழுத்துப் போனதைப் பார்த்தேன். பார்த்து, உள்ளுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றுவரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காப்பு என்றால் கட்டுவது மட்டுமா? அவிழ்ப்பதும் உண்டு. பத்தாம் நாள் மஞ்சள் நீராட்டோடு பூசாரி எல்லாக் காப்பையும் அவிழ்ப்பார். அவிழ்த்த பிறகு ஊருக்குப் போகலாம், மரம் வெட்டலாம், நேற்றுவரை தொடக்கூடாததையெல்லாம் தொடலாம். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழக்கம். அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கட்டச் சொன்ன துணி, நான் அவிழ்க்கச் சொல்கிற வரையில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அம்மனை என் கூலிக்காரி என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பத்தாம் நாள் காலையில் கண்டக்டர் ஐயா ஆனியில் அறுத்து வைத்ததில் பத்துக் கதிர்களைப் பொறுக்கி, சாக்கில் சுற்றி, குளுவாங்கில் விவசாயத்தைப் பார்க்கிற ஒரு அதிகாரியிடம் காட்டிவரச் சொன்னார். போனேன். அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. இன்னும் நாலு தோட்டத்தில் போடச் சொல்லலாம் என்றார். இருபது பெயரையும் இனி வாசிக்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு லாரியில் வந்தேன். வழியில் பாடினேன்கூட.

தோட்டத்து முகப்பில் இறங்கியபோது மூன்று மணி இருக்கும். மேலெல்லாம் மஞ்சள் தண்ணீரோடு பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எதேச்சையாகக் காட்டின் பக்கம் பார்த்தேன். மூங்கில் நின்றது. துணி இல்லை.

ஓடினேன். முழங்கால் உயரக் குருத்துக்குள் ஏழெட்டு மாடுகள் நின்றன. வரப்பில் அஞ்சலை, இன்னும் சிலர். என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். "வாங்கண்ணே! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. பத்து நாளா ஏங்கிப்போச்சு, பாருங்க எப்பிடித் திங்குதுன்னு!"

"ஓட்டு! வெளிய ஓட்டு!" என்று கத்தினேன். ஏன் என்று எவருக்கும் புரியவில்லை. எனக்குச் சாமி வந்துவிட்டது என்றுகூட ஒருத்தி நினைத்தாளாம். அதற்குள் செவலையின் பின்னங்கால் பின்னியது. மூக்கு விரிந்து, காற்றுக்கு அலைகிறதுபோல மூச்சு வாங்கியது. வாயில் நுரை. முன்காலை மடித்து உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. எங்கள் ஊரில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். சீனத் தவ்கேயின் மளிகைக் கடைக்கு ஓடி, குலா மெலாக்கா என்கிற பனைவெல்லக் கட்டிகளை அள்ளி வந்து, கரைத்து, மூங்கில் கொட்டத்தில் நிரப்பி மாடுகளின் வாயில் ஊற்றினேன். இரண்டு மாடு பிழைத்தன. செவலையோடு சேர்த்து நாலு செத்தன, மற்றவை அதிகம் தின்றிருக்கவில்லை. செவலையின் வாயில் ஊற்றியது அப்படியே கடைவாய் வழியே வெளியே வந்தது. அஞ்சலை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிடப் பார்த்தாள். மாட்டுக்குக் கண் மூடாது.

கண்டக்டர் ஐயா வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இப்பவாச்சும் சொல்லிப்போடலாமுங்க ஐயா" என்றேன் மெதுவாக.

"இனிச் சொல்லி என்ன? மாடு எழும்பி வருமே?" என்றார். குடை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

துரை மறுநாள் வந்தார். காரணம் எதையும் கேட்கவில்லை. சோளத்தை வேரோடு கொத்திப் போடச் சொன்னார். கொத்தியவர்கள் என் ஆட்கள். அந்த வாரமே பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தார்கள். இருபதும் வாசித்தார்கள். இருபத்தொன்றாவதாக அஞ்சலையின் பெயரை வாசித்தார்கள். கண்டக்டர் ஐயா அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுச் சிலோனுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாமான் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு வாரத்தில் பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் தெரியும், உண்மையச் சொல்லுங்க. பூசாரி நாலு மூலையும் அவுக்குறதுக்கு முன்னாடியே நான் மாட்ட விட்டுட்டேனா? மூணு மூல அவுத்தத எங் கண்ணால பாத்தேன். நாலாவதப் பாக்கல. அவசரப்பட்டுட்டேண்ணே. மத்தவங்க மாடும் என்னாலதான் போச்சு. அதான் ஆத்தா கேட்டுட்டா."

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கூப்பிடு தூரத்தில் எல்லாரும் நின்றிருந்தார்கள். சொன்னால் மற்ற மூன்று மாட்டுக்காரர்களும் என்னை அங்கேயே அடித்துப் போட்டிருப்பார்கள். என் வேலையும் போயிருக்கும். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

"போனது போகுதம்மா, மனசத் தேத்திக்க" என்றேன்.

அவள் அதையே 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். முந்தானையிலிருந்து செவலையின் கழுத்து மணியை எடுத்துக் கொடுத்து, "இதக் கோயில்ல கட்டிருங்கண்ணே. ஊருல போயி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு வேண்டியிருக்கேன். எம் புள்ளைங்கள மட்டும் விட்றச் சொல்லுங்க" என்றாள். பெரிய பெண் லாரியிலிருந்து எனக்குக் கை காட்டினாள். நானும் கை காட்டினேன்.

மணியைக் கோயிலில் கட்டினேன். அன்றிலிருந்து அந்தக் கோயிலுக்குள் நான் போனதில்லை. வேதத்தில் சேர்ந்துவிட்டேனோ என்றுகூடக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரியிடம்கூட இதைச் சொல்லவில்லை. இன்று எழுதுவதை அவளுக்குப் படிக்கத் தெரியாது.

தம்பி, தலைவிரிச்சானைப் போடுங்கள். மாசியில் விதையுங்கள். அறுத்த பிறகு மறுதாம்பு விஷம் என்று முதல் நாளே பெரட்டுக் களத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கஞ்சி குடிக்கமாட்டோம் என்றால் குடிக்காமல் போகட்டும். துணி கட்டாதீர்கள்.

வடார்க்காட்டுப் பக்கம் என்பதைத் தவிர அவள் ஊர் எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. இருந்தால் வருஷா வருஷம் ஆடியில் கையில் தீச்சட்டியோடு நடப்பாள், செய்யாத குற்றத்துக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள். அஞ்சலை, நாலு மூலையும் அவிழ்த்த பிறகுதான் நீ மாட்டை விட்டாய். பூசாரியிடம் மாடு செத்த அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். லாரி கிளம்புவதற்கு முந்தியே எனக்கு அது தெரியும்.